வேலை போனதற்குப் பேர்

என்கிட்ட ஒரு பழைய நோட்டு இருக்கு. அட்டை கிழிஞ்சி போச்சி. இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் அதுக்குத் தமிழ் அர்த்தம். 1990-இல் பிளஸ் ஒன் படிக்கும்போது எழுத ஆரம்பித்தது. நான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை. ஏற்றுமதி, இறக்குமதி, வரி, கோட்டா என்று வரும் பேப்பரின் வியாபாரப் பக்கத்தில்தான்.

வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் எங்க காலனி. நைனாவுக்குத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. ஷாப்பு ஆபீசுக்கு இங்கிலீஷ் பேப்பர் வரும். பழசானதும் நைனா கேட்டு வாங்கிக்கினு வருவாரு. சினிமா, கிரிக்கெட் பக்கங்களை ஆபீசு பையன்கள் முன்னாடியே உருவிக்கொள்வார்கள். யாருக்கும் வேண்டாத வியாபாரப் பக்கம்தான் எங்களுக்கு மிஞ்சும். காலனி அம்பேத்கர் மன்றத்தில் ராத்திரிப் பள்ளி நடத்தின அண்ணன் ஒருத்தர், பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தவர், அந்தப் பக்கத்தையே எங்களுக்குப் பாடமாக்கினார். ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை.

நோட்டில் முதல் வார்த்தை ஹைட். பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒளித்து வை என்று அர்த்தம் சொல்லியிருந்தார்கள். பேப்பரில் ஹைட்ஸ் அண்ட் ஸ்கின்ஸ் என்று இருந்தது. அண்ணன்தான் சொன்னார்: "ஹைட்னா மாட்டுத் தோலு. ஸ்கின்னா ஆட்டுத் தோலு." எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் பேக்டரியில் இருக்கார் என்று மட்டும்தான் சொல்லுவேன். தோல் என்று வாயில் வராது. சொல்லாவிட்டாலும் என் சட்டையில் அடிக்கிற வாசனை சொல்லிவிடும். ஒரு வாத்தியார் என்னை ஜன்னல் ஓரமாகத்தான் உட்காரச் சொல்லுவார். அந்த வாசனையை எத்தனை சோப்புப் போட்டும் என்னால் ஒளித்து வைக்க முடியவில்லை.

ரெண்டாவது, டூட்டி. வாத்தியாருக்கு அது கடமை. நைனாவுக்கு ஷிப்டு. பேப்பரில் அது துறைமுகத்தில் கட்டுகிற வரி. அதற்குப் பக்கத்திலேயே கோட்டா என்று ஒரு வார்த்தை. ஒரு அளவுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று சர்க்கார் வைக்கிற வரம்பு என்று அண்ணன் சொன்னார். ராத்திரி வீட்டுக்கு வந்து நைனாவிடம் இதைப் படித்துக் காட்டினேன்.

நைனா ஆரம்பத்தில் இ.ஐ. தோல் ஷாப்பில் இருந்தவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்துகிற தோல் அது. இ.ஐ. என்றால் ஈஸ்ட் இந்தியா. கம்பெனிக்காரன் போயும் பேர் போகவில்லை. 1973-இல் பச்சைத் தோலை வெளிநாட்டுக்கு அனுப்ப சர்க்கார் தடை போட்டது. பாதி பதப்படுத்திய தோலுக்குக் கோட்டா வைத்தது. இங்கேயே முழுசாப் பதப்படுத்தி, செருப்பாக, பையாகச் செய்து அனுப்பினால் நாட்டுக்கு வரும்படி அதிகம் என்பது காரணம். தப்பான காரணம் இல்லை. ஆனால் இ.ஐ. தோலும் பாதிப் பதம் என்ற கணக்கில் சேர்ந்தது. நைனா இருந்த ஷாப்பை மூடிவிட்டார்கள்.

"நாளையிலேருந்து வராதீங்கன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. ஒரு வருசம் கல்லு ஒடைக்கப் போனேன்" என்றார் நைனா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத்தினி வருசமா அந்த ஓனரு மேல இல்ல கோவமா இருந்துகினு கீறேன்" என்றார்.

பதினேழு வருஷம் கழித்துத்தான் தன் வேலை போனதற்கு ஒரு பேர் இருக்கு என்று அவருக்குத் தெரிந்தது. அந்த வார்த்தை டெல்லியிலிருந்து ஓனர் மேஜைவரைக்கும் வந்தது. மேஜையிலிருந்து குழிவரைக்கும் வரவில்லை. அன்றைக்குத்தான் நான் இங்கிலீஷ் படிக்கிறதற்குக் காரணம் கிடைத்தது.

அப்புறம் ரெசிட்யூ என்று ஒரு வார்த்தை. மிச்சம் என்று எழுதி வைத்திருக்கிறேன். தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுகிற பி.சி.பி. என்ற மருந்துக்கு ஜெர்மனி 1989-இல் தடை போட்டது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நம்ம தோல் திரும்பி வருகிறது, நஷ்டம் என்று பேப்பர் எழுதியது. ஷூ போடுகிறவன் காலுக்கு ஆகாது என்று அளந்தவர்கள் இருந்தார்கள். மருந்துத் தண்ணியில் வெறுங்கையை விட்டுத் தோலைப் புரட்டினவங்க கையில் எத்தனை மில்லிகிராம் மிச்சம் என்று எந்தப் பேப்பரிலும் நான் படிக்கவில்லை. நைனாவின் உள்ளங்கை கடைசிவரைக்கும் வெடித்தேதான் கிடந்தது.

1991 ஜூலை 1-ஆம் தேதியும் 3-ஆம் தேதியும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டீவேல்யுவேஷன். அதே தோல், அதே டாலர், ஓனருக்கு ரூபாய் மட்டும் கூட. குழியில் இருந்தவங்களுக்கு அதே கூலி. அரிசியும் மண்ணெண்ணெயும்தான் ஏறியது. "அம்பேத்கர் இதை 1923-லயே எழுதிட்டாரு" என்று அண்ணன் சொன்னார். ரூபாயின் பிரச்சினை என்று லண்டனில் அவர் போட்ட புத்தகம். மதிப்பு இறங்கும்போது ஏற்றுமதிக்காரனுக்கு வருகிற லாபம் வெளிநாட்டான் தருவது இல்லை, விலை ஏறியும் கூலி ஏறாதவன் பையிலிருந்து போவது என்கிற கணக்கு அதில் இருக்கிறது. எங்க தலைவர் என்று படத்துக்கு மாலை போட்ட எங்களுக்கு, அவர் ரூபாயைப் பற்றி எழுதினார் என்று அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை.

நோட்டின் கடைசியில் கஸ்டம்ஸ். ஒரு அர்த்தம் சுங்கம். இன்னொரு அர்த்தம் வழக்கம். சாவுக்கு மேளம் அடிப்பது, செத்த மாட்டைத் தூக்குவது எல்லாம் ஊரார் பேச்சில் வழக்கம். அந்த மாட்டின் தோல் ஊருக்குள் இருக்கிறவரைக்கும் தீட்டு. துறைமுகத்தைத் தாண்டினால் அன்னியச் செலாவணி. சரக்குக்குப் போடுகிற வரியைக் குறைக்க 1947-இல் காட் ஒப்பந்தம் போட்டார்கள். 1995-இல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. பிறப்புக்குப் போடுகிற வரியைக் குறைக்க எந்த நாட்டுக்காரன் உட்கார்ந்து பேசினான்?

நைனா போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது தங்கச்சி பொண்ணு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு முதலில் 25, அப்புறம் 27-ஆம் தேதியிலிருந்து இன்னொரு 25, ஆக 50 சதவீதம் வரி போட்டது. அடுத்த மாதம் அவள் லைனில் ஓ.டி. நின்றது. ஒரு நாள் ராத்திரி போன் பண்ணினாள். "மாமா, மேனேஜரு போன்ல ஆர்டர் டெஃபர்டு, டெஃபர்டுன்னு பேசிக்கினு இருந்தாரு. அப்படின்னா இன்னா?"

தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ரத்து பண்ணினால் கேன்சல் என்பார்கள் என்றேன்.

மறுநாள் லைனில் இருந்த பொம்பளைங்க எல்லாரையும் கூப்பிட்டு, ஆர்டரே போயிடுச்சி, நாங்களாவே வேலையை விட்டு நின்னுக்கிறோம்னு எழுதிக் கொடுங்க என்று பேப்பர் நீட்டியிருக்கிறார்கள். இவள் எழுந்து, "போவல சார், தள்ளித்தான் வெச்சிருக்காங்க. அப்புறம் நாங்க ஏன் எழுதிக் குடுக்கணும்?" என்று கேட்டிருக்கிறாள்.

அன்றைக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த நோட்டைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன். பின்னால் இன்னும் எழுதாத பக்கங்கள் இருக்கின்றன.