கலஹாவுக்கு மேலே

எட்னா எரிமலையின் அடிவாரத்தில், கத்தானியா நகரில் பிழைப்பு நடத்துகிறவன் நான். அங்கே தெருவில் பாவிய கல், தேவாலயத்துச் சுவர், சதுக்கத்தில் நிற்கும் யானைச் சிலை எல்லாமே கறுத்த எரிமலைக் கல்தான். 1669இல் தீக்குழம்பு அந்த நகரத்துக்கே வந்து சேர்ந்தது. ஆறிக் கிடக்கும் குழம்பின் மேல் முதலில் சாம்பல் நிறத்தில் பாசி மாதிரி ஒன்று படரும். அது பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து மண்ணாக்கிய பிறகு மஞ்சள் பூப் பூக்கும் புதர் வரும், அதற்கும் பிறகு மரம். ஒரு மனித ஆயுளுக்குள் முடிகிற வேலையல்ல அது. அந்த மலையைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் இத்தனை காலத்துக்குப் பிறகு கண்டிக்கு வந்தேன்.

நம் மலைநாட்டில் எரிமலை கிடையாது. நெருப்பு செய்கிற வேலையை இங்கே தண்ணீர் செய்துவிட்டது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. அந்தப் பெயரைக் கொடுத்தது யேமன் நாடு. சொகோத்ரா தீவிலுள்ள ஒரு கடற்கழியின் பெயராம். புயல் என்றால் கடற்கரைக்காரர்களின் கவலை என்றே நாங்கள் வளர்ந்தோம். 1978இல் மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட சூறாவளியை ரேடியோவில்தான் கேட்டோம். இந்த முறை நாடு முழுக்க இறந்தவர்கள் அறுநூறுக்கும் மேல், அதிலும் மற்ற எல்லா மாவட்டங்களையும்விடக் கண்டி மாவட்டத்தில்தான் அதிகம். பெரும்பாலும் மண்சரிவு.

கண்டி டவுனில் இறங்கியவனுக்கு இது எதுவும் தெரியாது. வாவியும் தலதா மாளிகையும் அப்படியேதான் இருக்கின்றன, பஸ் ஸ்டாண்டில் அதே நெரிசல். கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, பேராதனை வழியாகக் கலஹா பஸ்ஸைப் பிடித்தேன். பல்கலைக்கழகத்தைத் தாண்டிப் பாதை ஏறத் தொடங்கியதும்தான் மலைமுகத்தில் செம்மண் கோடுகள் கண்ணில் பட்டன. முதலில் ஒன்று, அப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும். பக்கத்து சீட்டில் இருந்தவர் ஒவ்வொன்றையும் காட்டி எத்தனை வீடு என்று சொல்லிக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் நான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுத்துவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயம், தொழிலாளர் வரிசை வீடு, பாதி இருக்கிறது. மீதிப் பாதி இருந்த இடத்தில் மேலேயிருந்து ஓடைவரை ஒரே செம்மண் சரிவு, நடுவில் வரிவரியாகக் கோடு ஓடிய பெரிய பாறைகள். தேயிலைச் செடிகள் தலைகீழாகக் கிடந்தன. கிட்டப் போய்ப் பார்த்தேன்: என் தாத்தா காலத்துச் செடி, தொடை தடிமன் அடிமரம், கவ்வாத்துக் கத்தி பட்டுப் பட்டு முடிச்சு முடிச்சாகக் கிடக்கிறது. அப்படிக் கவிழ்ந்த செடி ஒன்று பக்கவாட்டில் துளிர் விட்டிருந்தது. மண்ணுக்கு வெளியே சிமெந்துப் படி ஒன்றின் மூலை தெரிந்தது. ஓரங்களில் மானாப்புல் இப்போதே இடுப்பளவு. எட்னாவில் நூறு வருஷம் எடுப்பதை இங்கே இரண்டு மழைக்காலம் செய்துவிடும். அடுத்த முறை யாராவது வந்தால் சரிந்த இடம் இதுதான் என்று ஒருவர் காட்டினால்தான் தெரியும்.

"அன்னைக்குப் பீலித் தண்ணி செவப்பா வந்திச்சு தம்பி. பொறகு நின்னே போச்சு," என்றார் அத்தை. "அவ்வளவு மழையில தண்ணி நிக்குமா? ஒங்க மாமாதான் கத்துனாரு, எல்லாரும் கோயிலுக்கு ஏறுங்கன்னு."

மாமா சொன்னது சரி. ஊற்று கலங்குவதும் திடீரென்று நிற்பதும், மரம் சாய்வதும், தரை வெடிப்பதும் சரிவுக்கு முன்னறிகுறிகள். அடியில் கெட்டிப் பாறை, மேலே ஆழமாக உக்கிப்போன மண். இரண்டுக்கும் இடையில் தண்ணீர் தேங்கினால் மேல்மண் மொத்தமாக நழுவும். எச்சரிக்கையும் போனுக்கு வந்திருந்தது, சிங்களத்தில். லயத்தில் அதை வாசிக்கத் தெரிந்த பிள்ளை அன்று கண்டியில்.

கோப்பிக்காகக் காட்டை வெட்டி, 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்த பிறகு தேயிலை நட்ட மலைகள் இவை. தண்ணீரை வடிய விட வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சரிவுக்குச் சரிவு கான் வெட்டி வைத்தார்கள். என் அப்பாவுக்குப் பல வருஷம் கான் வெட்டுகிற வேலைதான். மண் நிரம்ப நிரம்ப அள்ளிப் போட வேண்டும். இப்போது அந்தக் கான்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆளில்லை என்கிறார்கள். ஆட்கள் கொழும்புக் கடைகளிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள், ஒருவன் கத்தானியாவில். புயலை நிறுத்த கானால் முடியாதுதான், ஆனாலும் எனக்கு அதில் ஆற்றாமை உண்டு.

1928இல் எட்னாவின் குழம்பு மஸ்காலி என்ற சிற்றூரை மூடியது. சில வருஷத்தில் கொஞ்சம் தள்ளிப் புது மஸ்காலியைக் கட்டிக் கொடுத்தார்கள், நேர் நேரான தெருக்களோடு. இங்கே கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் மண்சரிவில் லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருஷம் முன்பே சொல்லியிருந்தார்கள். போவதற்கு வேறு நிலம் இல்லாததால் சனம் அங்கேயே இருந்தது. தப்பியவர்களுக்கு வீடு கிடைக்க ஏறக்குறைய இரண்டு வருஷம்.

டித்வாவில் வீட்டை முழுதாக இழந்தவர்களுக்கு 50 லட்சம் ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல தொகை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் லயத்துக் காம்பரா யாருடைய வீடு? தலைமுறை தலைமுறையாகப் படுத்து எழும்பிய இடத்துக்கு எங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. மலை பச்சையாகிவிடும், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சரிந்தபோது அதன் மேல் நின்றவர்கள் இனி எந்த மண்ணில் நிற்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

மிஞ்சிய பாதி லயத்தில் குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அத்தையும் மாமாவும் பகலில் அங்கே வந்து மாட்டைப் பார்த்து, சமைத்துச் சாப்பிட்டு, பொழுது சாய உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். தேயிலை ஸ்டோருக்குக் கீழே சமதரையில் பத்துப் பேர்ச்சஸ் தருவதாகப் பேச்சு.

"வீட்ட எப்பிடியும் கட்டிக்கலாம் தம்பி. ஒறுதி யாரு பேர்ல எழுதுவாங்கன்னு கேட்டுச் சொல்லு," என்றார் அத்தை.

அதைக் கேட்க அலுவலகத்துக்குப் போனோம். ஐயா திங்கட்கிழமைதான் வருவார் என்றார் வாசலில் இருந்தவர். எனக்கு ஞாயிறு இரவு விமானம். அதே கேள்வியைக் கடிதமாகத் தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று என்று எழுதி, இரண்டிலும் அத்தையும் மாமாவும் கையெழுத்துப் போட்டு, அவர்கள் மகனிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கியதற்கு முத்திரை குத்திய பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.