15 மில்லி

போன வாரம் ஒரு ராத்திரி 2 மணிக்கு போன். நொய்டாவில் இருக்கும் தோழி. குழந்தை பிறந்து நாலு நாள். எடுத்ததும் ஒரு நிமிஷம் வெறும் அழுகை. அப்புறம், "பம்ப் போட்டு அரை மணி நேரம் ஆச்சு. பாட்டில் அடி கூட நனையலை. எனக்குப் பாலே இல்லை போலருக்கு"ன்னா. அந்த வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கேன். அவகிட்ட சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். வெளியூர்ல பிள்ளை பெத்துக்கிற நம்ம பொண்ணுங்க யாருக்காவது உதவும்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

2018 ஜூலை. புனேயில் விடாத மழை. ஒன்பதாம் மாசம் வளைகாப்பு முடிச்சு திருநெல்வேலிக்குப் போய் அம்மா வீட்டில் பிரசவம்னு திட்டம். டிக்கெட் எல்லாம் போட்டாச்சு. கிளம்ப மூணு நாள் இருக்கும்போது பனிக்குடம் உடைஞ்சிருச்சு. 35 வாரம். சிசேரியன். பையன் ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. என் கன்னத்துல ஒரு நொடி வைச்சுட்டு நேரா என்ஐசியூவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

சப்பி, முழுங்கி, நடுவுல மூச்சும் விடறது குழந்தைக்குப் பெரிய வேலை. அந்த மூணும் ஒண்ணா சேர்ந்து வர்றதே 34 வாரத்தை ஒட்டித்தான். இவன் ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத் தூங்கிடுவான். அதனால நேரடியா குடுக்க முடியாது, பாலைப் பிழிஞ்சு குடுங்கன்னுட்டாங்க. மூணு மணிக்கு ஒருக்கா, ஒரு வேளைக்கு 15 மில்லி.

15 மில்லின்னா மூணு டீஸ்பூன். இதென்ன பிரமாதம்னு நினைச்சேன்.

முதல் நாள் கிடைச்சது சில சொட்டு. மஞ்சளா, கெட்டியா, சீம்பால். அதை ஒரு சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துட்டுப் போனாங்க. "இதுவே தங்கம்மா"ன்னு ஒரு நர்ஸ் சொன்னப்போ நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாம் நாள் வாடகைக்கு ஒரு எலெக்ட்ரிக் பம்ப் வந்துச்சு. 20 நிமிஷம் அது ஓடின சத்தம் இப்பவும் காதுல இருக்கு. ரெண்டு மில்லி. அடுத்த வேளை ஒண்ணரை. அந்தச் சின்ன அறையில் பக்கத்து நாற்காலியில ஒரு பொண்ணு போன் பேசிக்கிட்டே 60 மில்லி எடுத்துட்டுப் போவா. நான் என் பாட்டிலை முந்தானையில் மறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.

எல்லாரும் நல்லவங்கதான். அதுதான் பிரச்சினையே. ஒன்றரை நாள் ரயில்ல வந்து இறங்கின அம்மா, ஒரு பை நிறைய பூண்டும் பிரசவ லேகியமும் கொண்டு வந்தாங்க. "உனக்கு ரெண்டு வருஷம் குடுத்தேன் ஏட்டி, நம்ம குடும்பத்துல யாருக்கும் பால் இல்லாமப் போனதே இல்ல"ன்னாங்க. தைரியம் சொல்றதா நினைச்சுத்தான். மாமியார் போன்ல, "ஒழுங்கா சாப்பிடறாளா?"ன்னாங்க. பால்சுறா தேடி ரங்கமணி புனே மீன் மார்க்கெட் முழுக்க அலைஞ்சு, கடைசியில் ஏதோ ஒரு மீனோட வந்தார். அது என்ன மீன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது :)

அதோட விட்டிருந்தா பரவாயில்லை. மனுஷன் எக்ஸெல் ஷீட் போட்டுட்டார். தேதி, நேரம், இடது, வலது, மொத்தம், கீழே ஒரு கிராஃப். "ட்ரெண்ட் என்னன்னு தெரிஞ்சா சரி பண்ணிடலாம்ல?"ன்னு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். கோடு கீழே போய்க்கிட்டு இருந்துச்சு. நான் பேசவே இல்லை, லேப்டாப்பை மூடிட்டேன். கல்யாணமாகி நாலு வருஷத்துல அன்னைக்கு மாதிரி அவர் மேல கோபம் வந்ததே இல்லை. அவருக்கும் வேற என்ன செய்யறதுன்னு தெரியலை, கைக்கு வந்ததைச் செஞ்சார். இது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

அந்த ரெண்டாம் நாள்தான் இன்னொண்ணும் நடந்துச்சு. என்ஐசியூ வாசல்ல நிக்கிறேன். உள்ளே மலையாளி நர்ஸ் ஒருத்தங்க இன்னொருத்தர்கிட்ட இந்தியில ஏதோ சொல்றாங்க, நடுவுல "பாலாடை"ன்னு ஒரு வார்த்தை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எட்டிப் பார்த்தா, கையில மூக்கு வைச்ச சின்ன ஸ்டீல் கிண்ணம். எங்க ஆச்சி வீட்டு பீரோவுல வெள்ளியில இருக்குமே, அதே பாலாடை! நாம பாலாடைன்னும் சங்குன்னும் சொல்லிப் புகட்டினது இப்போ நாடு முழுக்க என்ஐசியூக்கள்ல டாக்டர்கள் எழுதற வார்த்தை. குறைமாசக் குழந்தைக்கு பாட்டிலை விட இது பத்திரம்னு சொல்றாங்க. கழுவறது சுலபம், நிப்பிளுக்குப் பழகிட்டு அம்மாகிட்ட வர மாட்டேங்கிற சிக்கலும் குறைவு. மராத்தி வீடுகள்ல கிண்ணமும் ஸ்பூனும், அவங்க பேச்சுல வாட்டி சம்சா. அந்த ஊர்ல அன்னைக்கு என் காதுல விழுந்த ஒரே தமிழ் வார்த்தை அதுதான். அதுல ஊத்தத்தான் என்கிட்ட ஒண்ணுமில்லை.

மூணாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். "உங்க பால் வர்ற வரைக்கும் தானப் பால் குடுக்கலாமா?"ன்னு கேட்டார். ஊரிலேயே இன்னொரு ஆஸ்பத்திரியில பால் வங்கி இருக்காம். இந்தியாவோட முதல் தாய்ப்பால் வங்கி 1989-லேயே மும்பை சயான் ஆஸ்பத்திரியில டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆரம்பிச்சதுன்னு அப்புறம்தான் படிச்சேன். குடுக்கிற அம்மாவுக்கு எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி எல்லாம் சோதிப்பாங்க. பாலை 62.5 டிகிரியில அரை மணி நேரம் சூடு பண்ணித்தான் தருவாங்க.

மாமியார் போன்ல, "யாரு என்னன்னு தெரியாம..."ன்னு இழுத்தாங்க. நான் எதுவும் சொல்றதுக்கு முன்னாடி எங்கம்மா போனை வாங்கிட்டாங்க. "சம்பந்தி, எங்க கடைசித் தம்பி பொறந்தப்போ எங்கம்மாவுக்கு ஜன்னி. அடுத்த வீட்டு அக்காதான் ஒரு மாசம் பால் குடுத்தாக. அவன் இப்ப நல்லாத்தானே இருக்கான்?" அந்த மாமாவை எனக்கு எத்தனை வருஷமா தெரியும், இந்தக் கதை தெரியாது. பால் இல்லாமப் போனதே இல்லைங்கற குடும்பத்துல ஒளிஞ்சிருந்த கதை!

கையெழுத்துப் போட்டேன். போட்டுட்டு பாத்ரூம்ல போய் அழுதேன். முகம் தெரியாத ஒருத்தியோட பால் பாலாடையில என் பிள்ளை வாய்க்குள்ள போனதைப் பார்த்தப்போ தோத்துட்ட மாதிரி இருந்துச்சு. அவன் முழுசும் குடிச்சுட்டு உதட்டை நக்கினான். அந்தத் தாய் யாரோ, இன்னைக்கும் நினைச்சுக்கிறேன்.

அன்னைக்கு ராத்திரி 3 மணி. பம்ப்பைப் போட்டுட்டு அளவுக்கோட்டையே முறைச்சுக்கிட்டிருந்தேன். வார்டு ஆயா உள்ளே வந்தாங்க. அங்கே எல்லாரும் அவங்களை மாவ்ஷின்னுதான் கூப்பிடுவாங்க, சித்தின்னு அர்த்தம். என்னைப் பார்த்தாங்க, பாட்டிலைப் பார்த்தாங்க. சுவிட்சை அணைச்சுட்டாங்க. வெந்நீர்ல துண்டை நனைச்சுப் பிழிஞ்சு மார் மேல போட்டாங்க. கொஞ்ச நேரம் முதுகையும் தோளையும் நீவி விட்டாங்க. என்னைக் கை கழுவச் சொல்லிட்டு என் கை மேல அவங்க கையை வைச்சுக் காட்டினாங்க.

கட்டை விரல் மேலே, மத்த விரல்கள் கீழே. காம்பை இல்லை, அதைச் சுத்தியிருக்கிற கருவட்டத்தோட விளிம்புல. முதல்ல நெஞ்சுக்கூட்டைப் பார்த்து உள்ளே அமுக்கணும். அப்புறம் விரல்களைச் சேர்த்து அழுத்தணும். விடணும். தோல் மேல இழுத்துத் தேய்க்கக் கூடாது. அமுக்கு, சேர், விடு. அவ்வளவுதான். நான் வேகவேகமா செஞ்சேன். "சாவ்காஷ், சாவ்காஷ்"ன்னாங்க. மராத்தியில, நிதானமா, அவசரமே இல்லாமன்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்ச பத்து மராத்தி வார்த்தையில அதுவும் ஒண்ணு. ஆட்டோக்காரர்கிட்ட சொல்றதுக்காகக் கத்துக்கிட்டது.

மூணு நாலு நிமிஷம் ஒண்ணும் இல்லை. அப்புறம் ஒரு சொட்டு. அப்புறம் மெல்லிசா ஒரு கோடு. கிண்ணத்துல ஏழு மில்லி.

மறுநாள் மாவ்ஷியைப் பத்தி டாக்டர்கிட்ட சொன்னேன். சிரிச்சார். பால் சுரக்கிறது ஒரு ஹார்மோன், அதை வெளியே தள்றது இன்னொண்ணுன்னு விளக்கினார். தள்றது ஆக்ஸிடோசின். வலி, பயம், பதற்றம் எல்லாம் அதைத் தடுத்து நிறுத்தும். குழந்தையோட வாசனை, சத்தம், தொடுதல், ஒரு கதகதப்பு இதெல்லாம் அதைக் கிளப்பி விடும். சிசேரியன், குறைமாசப் பிரசவம்னா பால் இறங்க சில நாள் கூடவும் ஆகலாமாம். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்!

அன்னைக்கே கங்காரு முறையில பையனை என் நெஞ்சு மேல படுக்க வைச்சாங்க. தோலோட தோல், மேலே ஒரு துணி. பூனைக்குட்டி கனம். ஒரு மணி நேரம் இருந்தான். கால் மணி நேரத்துலேயே என் நைட்டியோட இன்னொரு பக்கம் நனைய ஆரம்பிச்சுது. யாரும் பம்ப் போடலை, யாரும் அளக்கலை. ரங்கமணி பக்கத்துல நின்னுக்கிட்டு எதையும் எழுதலை.

அஞ்சாம் நாள் ஒரே தடவையில 15 மில்லி. ஆனா அதுக்குள்ள ஐயா தேவை 30 ஆயிடுச்சு. ஆபீஸ்ல டார்கெட்டை எட்டறப்போ ஏத்தி விடுவாங்களே, அதே கதை :) மீதி தானப் பால். ஏழாம் நாள் முழுசும் என்னுது. பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தோம். அப்புறமும் ரெண்டு வாரம் பாலாடைதான், கொஞ்சம் கொஞ்சமாத்தான் நேரா குடிக்கக் கத்துக்கிட்டான். அம்மா ஊருக்குப் போன் போட்டு ஆச்சியோட வெள்ளிப் பாலாடையை வரவழைச்சுட்டாங்க. 2017-ல சட்டத்தைத் திருத்தி பிரசவ விடுப்பை 12 வாரத்திலேர்ந்து 26 வாரமாக்கினதுல எனக்கு மூச்சு விட நேரம் கிடைச்சுது. எங்கம்மா ஆபீஸ் போன காலத்துல எப்படித்தான் சமாளிச்சாங்களோ.

சரி, தோழிக்குச் சொன்னதுக்கு வர்றேன்.

பம்ப் ஒரு மீட்டர் இல்லை. அதுல வர்றதை வைச்சு உன் உடம்புல எவ்வளவு இருக்குன்னு கணக்குப் போடாதே. குழந்தை எடை ஏறுதா, அஞ்சாம் நாளுக்கு மேல ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகுதான்னு பாரு. அதுதான் கணக்கு.

முதல் சில நாள் கையால எடு, பம்ப்பை விட அதுலதான் சீம்பால் நல்லா வரும். பம்ப் போட்டா புனல் அளவு உனக்குச் சரியான்னு கேளு, வலிச்சா அது சரியில்லைன்னு அர்த்தம். ஒரு நாளைக்கு எட்டு தடவையாவது எடுக்கணும், ராத்திரி உட்பட. வெளியே எடுத்தாத்தான் உள்ளே சுரக்கும்.

எடுத்த பால் 25 டிகிரி வரைக்கும் வெளியே 4 மணி நேரம் தாங்கும். உங்க ஊர் வெயிலை நம்பாதே, உடனே ஃபிரிட்ஜில் வை, அங்கே 4 நாள். மைக்ரோவேவ் வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துல வைச்சு எடு.

பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை, அங்கே யார் என்ன லட்டு பண்ணிக் குடுத்தாலும் பிடிச்சா சாப்பிடு. வயிறு நிறையும். ஆனா பால் குறைஞ்சா, "நீ சாப்பிடலை"ன்னு யார் சொன்னாலும் அதைத் தலையில ஏத்திக்காதே. மார் கட்டியாகி சிவந்து காய்ச்சல் வந்தாலோ, குழந்தை எழுப்பினாலும் எழுந்திருக்காம சோர்ந்து கிடந்தாலோ காத்திருக்காதே, உடனே டாக்டர். இடையில வேற பால் குடுக்கச் சொன்னாங்கன்னா குடு. அது தோல்வி இல்லை. என் மாமாவும் என் பையனும் சாட்சி.

அப்புறம் அவ வீட்டுக்காரரைப் போன்ல கூப்பிட்டேன். "தம்பி, ஷீட் எதுவும் போட்டு வைச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "ஆப்ல போட்டிருக்கேன் அக்கா"ன்னார். "அழிச்சுட்டு, துண்டை வெந்நீர்ல நனைச்சுட்டு வாங்க. அவ முதுகைக் கொஞ்சம் நீவி விடுங்க. குழந்தையை அவ நெஞ்சுல போடுங்க. சாவ்காஷ்"ன்னேன்.

முந்தாநாள் மெசேஜ் வந்துச்சு. 20 மில்லியாம். நான் திருப்பி எழுதினேன்: அளக்காதேன்னு சொன்னேனா இல்லையா?

வெள்ளிப் பாலாடையை எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சு எடுத்து வைச்சிருக்கேன். நாளைக்கு நொய்டாவுக்குக் கூரியர்.