கூரையின் கீழ் ஓர் ஓட்டம்

ஓட்டப் பந்தயம் என்றதும் நம் நினைவுக்கு வருவன திறந்த வெளியும் வெயிலும் புழுதியுமே. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்கிடையே ஓடிப் பழகிய நமக்கு, நான்கு சுவர்களுக்குள் ஒரு நாட்டின் முதன்மை வீரரைத் தேர்வது விந்தையாகவே தோன்றும். ஆயினும் பனி பெய்யும் நாடுகளில் அது நெடுநாளைய வழக்கம். நியூயார்க் அத்லெடிக் கிளப் என்னும் கழகம் 1868 நவம்பர் 11-ஆம் நாள் ஒரு சறுக்குக் கூடத்தில் போட்டி நடத்தியது. 1906-இல் அமெரிக்க ஆடவருக்கான தேசிய உள்ளரங்கப் போட்டி அந்நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் தொடங்கிற்று. பெயர்தான் தோட்டம், உண்மையில் அது கூரை வேய்ந்த பேரரங்கு.

கூரையின் கீழ் இடம் குறைவு. ஆகவே ஆட்டத்தின் அமைப்பும் மாறிற்று. குறு ஓட்டத்தின் தொலைவு குறைந்தது. ஈட்டி, வட்டு போன்றவற்றை எறிய வழியில்லை. பிற்காலத்தில் அப்பெயரில் எழுந்த அரங்கில், மரப்பலகை வேய்ந்த ஓடுதளத்தை ஒரு மைலுக்குப் பதினொரு முறை சுற்றவேண்டியிருந்தது. வளைவுகளில் வெளிப்புறம் உயர்ந்திருக்கும். இல்லையேல் விரைந்து வருபவர் நிலைதவறுவர். இருந்த இடத்துக்கேற்ப ஆட்டத்தை அமைத்துக்கொண்டனரேயன்றி, இடம் போதாதென்று ஓட்டத்தைக் கைவிடவில்லை.

ஆனால் இந்த அறிவு மகளிர் திறத்தில் உடனே பயன்படவில்லை. அமெரிக்கப் பெண்களுக்கான தேசிய உள்ளரங்கப் போட்டி 1927-இல் பாஸ்டன் நகரில்தான் தொடங்கிற்று. கூரையும் பலகையும் ஆயத்தமாயிருந்தும் அவர்களுக்கு வாசல் திறக்க இருபத்தோராண்டு பிடித்தது. அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினர். ஓடிமுடித்த சிலர் களைத்துச் சாய்ந்ததைப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தின. விளைவு, 1960 வரை அவ்வோட்டம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இல்லாமற்போயிற்று. ஆடவர் களைத்து வீழ்ந்தால் அது வீரம். பெண்டிர் வீழ்ந்தால் அது தகுதியின்மை! இங்கிலாந்திலோ, 1934-இல் நீச்சலுக்கென்று திறந்த வெம்பிளி எம்பயர் பூல் அரங்கில், மறு ஆண்டே ஆடவர்க்கும் மகளிர்க்கும் உள்ளரங்கப் போட்டிகள் தொடங்கின. மனம் இருந்தால் நீச்சற்குளமும் ஓடுகளமாகும் போலும்.

இக்கதை நமக்கு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். நாம் குடியேறி வாழும் வடநாட்டு நகரில் மார்கழியும் தையும் மூடுபனியிலேயே கழிகின்றன. பனி சற்று விலகியதும் நம் வீட்டுப் பையன் மட்டையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுகிறான். பெண்ணோ சன்னலருகே நிற்கிறாள். அயலூர், புதிய மொழி, துணைக்கு ஆளில்லை என்று நாம் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. மாடிக் குடித்தனத்தில் அவள் கயிறு தாண்டினால், கீழ்வீட்டாருக்கு இடைஞ்சல் என்று நாமே அடக்குகிறோம். அவள் ஓடுவதற்கென்று நாம் தேடிக்கொடுத்த இடம் எது?

விசாகப்பட்டினத்தில் பிறந்த ஜோதி யர்ராஜி, ஊரைவிட்டுப் புவனேசுவரம் சென்று பயின்று, 2024-இல் டெஹ்ரானில் நடந்த ஆசிய உள்ளரங்கப் போட்டியில் 60 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் தங்கம் வென்றார். வீட்டைப் பிரிந்து மொழி வேறான ஊரில் வாழ்வது நமக்கும் பழகிய துன்பமே. அதனைப் பொறுத்துக்கொண்டு ஒரு பெண் ஓடினாள் என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

எல்லாரும் பதக்கம் பெறவேண்டும் என்பது நம் கருத்தன்று. பழைய உள்ளரங்கப் போட்டிகளில் நின்ற இடத்திலிருந்தே நீளம் தாண்டும் ஆட்டம் ஒன்று உண்டு. அதற்கு ஓடுதளம் வேண்டா. விரிப்பும் அளவு நாடாவும் போதும். பொங்கல் விழாவுக்கும் திருமண வரவேற்புக்கும் திறக்கும் நம் சங்கக் கூடத்தை வாரத்தில் ஒரு மாலை பெண் குழந்தைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன? நாற்காலிகளை ஓரமாக அடுக்கித்தர நாம் ஆயத்தமாயிருக்கிறோம். தாய்மார்களில் இருவர் மேற்பார்வைக்கு முன்வந்தால், வரும் ஞாயிறே தொடங்கலாம்.