நகைக்கடன் கவுண்டரிலிருந்து சில குறிப்புகள்

ஜூன் பிறந்தால் எங்கள் கிளையில் நகைக்கடனுக்குக் கூட்டம். பள்ளிக்கூடம் திறக்கிறது, ஃபீஸ் கட்டியாக வேண்டும். அது ஓய்ந்தால் நடவுச் செலவுக்கு வருவார்கள். மார்ச்சில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. நடுவில் ஆடிட். இத்தனைக்கும் இடையில் எப்போது எழுதுகிறாய் என்று கேட்கிறார்கள். விடிவதற்கு முன் கொஞ்சம், பஸ்ஸில் கொஞ்சம் என்று சொல்லிவிடலாம். எழுதாத நேரத்தில் கதையை எப்படி உயிரோடு வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு அதுதான் பெரும்பாடு.

*

ராத்திரி எவ்வளவு அசதியாக இருந்தாலும் உறைமோருக்கு ஒரு கரண்டி எடுத்து வைப்பது போல, கதையில் ஒரு வரியாவது எழுதி வைத்துவிட்டுப் படுக்கிறேன். நல்ல வரியாக இருக்க வேண்டியதில்லை. அவள் படியில் ஏறுகிறாள் என்பது போதும். மறுநாள் அவள் படியிலேயே நிற்பாள், நான் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். இரண்டு வாரம் விட்டுப் போனால் அவள் யாரோ ஆகிவிடுகிறாள். குரலே மறந்துபோகிறது.

*

ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைத் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அந்தக் கடைத்தெருவும் அதில் பிழைத்த மனிதர்களும்தான் அவர் கதைகள். 2015-இல் அவருக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரை நூலுக்கு. நான் திரும்பத் திரும்பப் போவது கதைகளிடம். படிக்கும்போது கடை அவருக்குக் குறுக்கே நின்றதாக எனக்குத் தோன்றவில்லை. தினமும் அந்தத் தெருவில் கடை திறந்து மூடியவருக்கு மட்டுமே தெரியக்கூடிய சங்கதிகள் அவை. லீவு போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்க்கிறவருக்கு அந்தத் தெரு முகம் கொடுக்காது.

அசோகமித்திரன் வேறு மாதிரி. ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 1966-இல் வெளியே வந்தார். சினிமா உலகத்தின் கூலிகளையும் உதவியாளர்களையும் பற்றிய 'கரைந்த நிழல்கள்' அதற்குப் பிறகுதான் வந்தது. சேர்ந்தது வேலையில் இருந்தபோது, எழுதியது விட்ட பிறகு. இது எனக்கு ஆறுதல் தருகிறது. இன்றைக்குக் கண்ணில் பட்டதை இன்றைக்கே எழுதியாக வேண்டும் என்ற பதற்றம் குறைகிறது.

*

காஃப்காவின் ஆபீஸ் பிராகில், தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம். பகல் இரண்டு மணியோடு வேலை முடியும். தூங்கி எழுந்து இரவில் எழுதுவார். 'தீர்ப்பு' கதையை 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய ஆறு மணிக்கு முடித்தார். இதைப் படித்த எல்லோருக்கும் அந்த ஒரே இரவின் மேல் மோகம். எனக்கு அவர் பகல் மேல் அக்கறை. மரம் இழைக்கும் இயந்திரத்தில் விரல் போகிற விபத்துகளைப் பற்றி, அதை எப்படித் தடுக்கலாம் என்று, படம் போட்டு அறிக்கை எழுதியவர் அவர். வேலையைப் பற்றி எவ்வளவோ புலம்பியிருக்கிறார், ஆனால் அதை அரைகுறையாகச் செய்யவில்லை. கவுண்டரில் சரியாக வேலை பார்க்காத ஒருத்தி கதையில் மட்டும் கவனமாக இருந்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

*

துவரங்குறிச்சியில் சல்மா குளியலறைக்குள் நின்று எழுதினார். எழுதிய தாள்களை ஒளித்து வைத்தார். 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தது. நாவல்! ஒரு கவிதையை மனசில் வைத்துக்கொண்டு அடுக்களையில் நிற்கலாம். அத்தனை பெண்களை, அத்தனை வீடுகளை, யார் யாருக்கு என்ன உறவு என்பதையெல்லாம் எப்படிச் சுமந்தார்?

வை.மு. கோதைநாயகிக்குத் தொடக்கத்தில் எழுதவே வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். பிறகு 115 நாவல்கள். அந்தத் தோழியை நான் அடிக்கடி நினைக்கிறேன். எழுதுகிறவருடைய நேரம் எங்கிருந்தோ முளைப்பதில்லை, யாரோ கொடுக்கிறார்கள். எனக்குக் கொடுப்பவர் என் மாமியார். ராத்திரியே காய் நறுக்கி, புளி ஊறப்போட்டு, "காலையில உன் வேலையப் பாரு, சாதம் நான் வெச்சுக்கிறேன்" என்பார். நான் எழுதிய எதையும் அவர் படித்ததில்லை. கண் பார்வை போதாது. படித்துக் காட்டட்டுமா என்றால், புஸ்தகமா வரட்டும் என்கிறார். புத்தகம் வந்தால் முதல் பக்கத்தில் அவர் பெயர்.

வீட்டு வேலையில் பங்கு கேட்காமல் எழுத நேரம் தேடச் சொல்லும் அறிவுரைகளை நான் ஏற்கவில்லை. சீக்கிரம் எழுந்திரு என்பது சுலபம். நாலரைக்கு எழுகிறவளை மூன்றரைக்கு எழச் சொல்வது உடம்பைத் திருடுவது.

*

பஸ்ஸில் போனைப் பார்த்துப் பேசி, எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறேன். கதை மாந்தர்கள் பேசுவதை இந்த வாய்ஸ் டைப்பிங் பாதி விழுங்கிவிடுகிறது. பேச்சை அப்படியே ஆடியோவாகப் பதிந்துகொள்வது உத்தமம்.

*

இது ரொம்ப நாளாக மனசில் இருப்பது.

நகைக்கடன் கவுண்டரில் ஜனங்கள் பேசுவார்கள். நாம் கேட்க வேண்டியதில்லை. அப்ரைசர் உரைகல்லில் தேய்த்து, எடை போட்டு, சீட்டு எழுதுகிற நேரத்தில் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பேசுவார்கள். கொடியை வைக்க வந்தவர்கள் கழுத்தில் புது மஞ்சள் கயிறு இருக்கும். நான் அதைப் பார்ப்பது தெரிந்தால் முந்தானையை இழுத்துக்கொள்வார்கள். இது யாருடைய கதை? நான் சம்பளம் வாங்குகிற நாற்காலியில் உட்கார்ந்து கேட்டது. அவர்கள் சொன்னது வங்கி ஊழியரிடம், எழுத்தாளரிடம் சொல்லவில்லை.

ஊரை மாற்றலாம், நகையை மாற்றலாம், வயதை மாற்றலாம். பெரும்பாலும் அப்படிச் செய்தபின் மிஞ்சுவது யாருக்கும் பொதுவான ஒன்றாக ஆகிவிடும், எழுதலாம். சிலது அப்படி மாறுவதில்லை. ஒரு பெரியம்மா அன்றைக்குப் பையை நீட்டிக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைச் சுற்றி எதை மாற்றினாலும் அவர் படித்தால் தன்னுடையது என்று தெரிந்துகொள்வார். அதை இந்த நோட்டிலும் எழுதப்போவதில்லை. கதைக்கு நஷ்டம்தான். இருக்கட்டும். அவர் அடுத்த மாதம் வட்டி கட்ட வரும்போது நான் நிமிர்ந்து பார்க்க முடிய வேண்டும்.

*

மார்ச்சில் எழுதுவதில்லை. படிப்பது மட்டும். அதுவும் சிறுகதை.

நாவலைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் பூமணி நினைவு வருகிறது. கூட்டுறவுத் துறை அதிகாரியாக இருந்தவர். 'பிறகு', 'வெக்கை' எல்லாம் வேலையில் இருக்கும்போதே வந்தவை. ஆயிரம் பக்கம் தாண்டிய 'அஞ்ஞாடி' வந்தது 2012-இல், ஓய்வு பெற்ற பிறகு. சிலதற்குக் காத்திருக்க வேண்டும் என்றால் காத்திருக்கலாம். ஆனால் அதற்குள் கை பழகியிருக்க வேண்டும்.

*

தீபாவளி மலருக்குக் கேட்டிருக்கிறார்கள். ஆவணிக்குள் கொடுக்க வேண்டும். கதை பாதியில்: அம்மா வைத்த வளையல் மீட்கப்படாமல் ஏலத்துக்கு வருகிறது, பேப்பரில் அறிவிப்பைப் பார்த்து மகள் வருகிறாள். ஏலத்தில் அவளே எடுக்கிறாளா, கடைசி நாளில் அடைத்து மீட்கிறாளா என்று தீரவில்லை. கடன் போக மிச்சப் பணம் அம்மா பெயருக்குத்தான் வரும்; அம்மா உயிரோடு இருக்கிறாளா என்பதையும் அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும். திங்கட்கிழமை அப்ரைசர் சாரிடம் வளையல் எத்தனை சவரன் வைத்தால் பொருந்தும் என்று கேட்க வேண்டும். இன்றைய வரி: மகள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வங்கிக்கு வழி கேட்கிறாள்.