அலமாரியின் சாவி

பள்ளிக்கு அழகு கட்டடம் அன்று. அங்குப் பயிலும் மாணவரின் அறிவே என்பர். அவ்வறிவை வளர்க்கும் நற்றுணை நூலகம். இக்கருத்தைச் சபைக்கூடலில் பலமுறை எடுத்துரைத்த நாமே, ஒரு காலத்தில் நம் பள்ளி நூல்களைப் பூட்டி வைத்திருந்தோம் என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

நாம் இத்தோட்டப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தபோது, அலுவலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய நூல்கள் இருந்தன. ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்டுப் பதிவேட்டில் ஏற்றினோம். சாவியை நம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம். கணக்கில் ஒரு நூலும் குறையவில்லை என்பதில் நமக்குப் பெருமையும் இருந்தது.

ஓராண்டின் இறுதியில், ஆறாம் ஆண்டை முடித்த தம் மகனின் சான்றிதழைப் பெற ஒரு தாயார் வந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர் அவர். நாம் ஒப்பமிட்டு முடிக்கும்வரை அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, இந்தப் புத்தகமெல்லாம் யாருக்குங்க?” என்றார்.

“பிள்ளைகளுக்குத்தான் அம்மா” என்றோம்.

“ஆறு வருசமா என் மகன் இங்கதான் படிச்சான். ஒரு புத்தகம்கூட வீட்டுக்கு வந்ததில்லைங்களே ஐயா.”

அவர் குறை கூறவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். நமக்கோ மறுமொழி வரவில்லை.

அன்றிரவு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்றவை நினைவுக்கு வந்தன. சீர்காழியிற் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன் அவர்கள், நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நூல் காத்து வைப்பதற்கு உரியதன்று, பயன்படுவதற்கே உரியது என்பது முதல் விதியின் கருத்து. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியாற் பிணைத்து வைத்திருந்த வழக்கத்தையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். அதே 1931ஆம் ஆண்டில், மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். சிங்கப்பூரில் தேசிய நூலகம் 1960ஆம் ஆண்டில் நடமாடும் நூலகச் சேவையைத் தொடங்கிற்று. மக்கள் நூலகத்தைத் தேடி வர இயலாத இடத்திற்கு நூலகமே மக்களைத் தேடிச் சென்றது. நம் பள்ளிக்கும் லயத்து வீடுகளுக்கும் இடையே இருப்பதோ கூப்பிடு தொலைவு. அதைக் கடக்கவும் நம் நூல்களுக்கு நாம் வழிவிடவில்லை.

மறுநாளே பூட்டைத் திறந்தோம். தோட்டத்துக் கடையின் சுவரில் ஓர் அறிவிப்பும் ஒட்டினோம். ஒரு வாரம் கடந்தும் எவரும் வரவில்லை. நாம் எழுதியதை நாமே மீண்டும் படித்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கிற்று. அதில் அழைப்பு ஒரு வரி. கிழித்தல் கூடாது, அழுக்காக்குதல் கூடாது, தொலைத்தால் அபராதம் என்னும் எச்சரிக்கைகளோ ஐந்து வரிகள்!

அறிவிப்பைக் கிழித்தெறிந்தோம். மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டாருக்குத் தம் கைப்பட ஓர் அழைப்புக் கடிதம் எழுதினர். சம்பள நாளன்று மாலை, கோயில் மண்டபத்தில் பாய் விரித்து நூல்களைப் பரப்பினோம். இம்முறை பெற்றோர் வந்தனர். ஆயினும் தள்ளியே நின்றனர். “கை கறையா இருக்குங்க ஐயா” என்றார் ஒரு பெரியவர். வாளியில் நீரும் சவர்க்காரமும் துண்டும் கொண்டுவரச் செய்தோம். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து ஒரு கதையை உரக்கப் படித்தாள். கதை முடிவதற்குள் பாயைச் சுற்றிக் கூட்டம் அமர்ந்துவிட்டது.

பின்னர், எத்தகைய நூல்கள் வேண்டும் என்று அவர்களையே கேட்டோம். காய்கறித் தோட்டம், சமையல், கைவைத்தியம், புராணக் கதைகள் எனப் பலவாறு கூறினர். அரசாங்கப் பாரங்களை நிரப்ப உதவி வேண்டும் என்றும் சிலர் கேட்டனர். இவை யாவும் அம்மண்டபத்து மாலைகளில் இடம்பெறலாயின.

சில நூல்கள் திரும்பவில்லை. சிலவற்றில் அடுப்புக் கரி படிந்தது. பதிவேட்டில் அவற்றை உள்ளவாறே குறித்தோம். கரி படிந்த நூல் ஒரு வீட்டில் படிக்கப்பட்ட நூல் அன்றோ!

அன்று வினவிய அத்தாயாரும் நூல் பெற்றுச் சென்றார். பழைய நாள்காட்டித் தாளில் அட்டையிட்டு அதைத் திருப்பித் தந்தார். அவர்தம் மகன் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டான். அவன் இழந்த ஆறு ஆண்டுகளை நம்மால் திருப்பித் தர இயலாது. அவனுக்குப் பின் வருவோர் அவற்றை இழவாதிருக்கச் செய்வதே நம்மால் ஆவது.

அன்பார்ந்த பெற்றோரே! இப்போது அலமாரிக்குப் பூட்டு இல்லை. வேலை முடிந்து, வந்த கோலத்திலேயே வாருங்கள். வாளியில் நீர் இருக்கும். மாணவச் செல்வங்களே! இன்று மாலை ஒரு நூலை எடுத்துச் சென்று, உங்கள் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!