தள்ளிப் போட்ட கதை

ஆங்கில பாஷையில் 'ஆஃப்' என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. தனியே நின்றால் வெகு சாது. ஏதாவது ஒரு வினைச்சொல்லின் பின்னால் போய் நின்றுவிட்டாலோ, அது செய்யும் அட்டகாசம் சொல்லி முடியாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்த நம்மையே சென்ற ஐப்பசியில் அது தலைகுனிய வைத்துவிட்டது.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் என்பது நெசவாளர் வாழும் பகுதி. அங்கே நமக்குப் பழக்கமான நெசவாளர் ஒருவர் உண்டு. அவருடைய மகள் ஒரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மாலை, நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்து நின்றாள்.

"ஐயா, புட் ஆஃப், ஹோல்ட் ஆஃப், வார்ட் ஆஃப், ஸ்டேவ் ஆஃப் என்று நாலு இருக்கிறது. நாலுக்கும் 'தள்ளு' என்றே அர்த்தம் எழுதியிருக்கிறேன். சரிதானா?"

நாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தோம்.

"இன்று செய்ய வேண்டியதை நாமாகவே நாளைக்கென்று தள்ளிப் போடுவது புட் ஆஃப். வரவேண்டியது வராமல் சற்றுப் பொறுத்து நிற்பது ஹோல்ட் ஆஃப். உங்கள் தெருவில் விடியற்காலையில் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவைக்கிறார்களே, அது காய்கிற வரையில் மழை பொறுத்துக்கொண்டால், மழை ஹோல்ட் ஆஃப் செய்தது என்பான் ஆங்கிலேயன். வார்ட் ஆஃப் என்பது காவல் செய்து விலக்குவது. வாசலில் பூசணிக்காய் கட்டித் திருஷ்டியை விலக்குகிறோம் அல்லவா, அந்த மாதிரி."

"ஸ்டேவ் ஆஃப்?"

"ஸ்டேவ் என்றால் கழி. பாய்ந்து வரும் நாயைக் கழியால் எட்ட நிறுத்துவதற்கு ஆதியில் அப்படிச் சொன்னார்கள். பிற்பாடு பசிக்கும் கடனுக்கும் அந்தச் சொல் வந்தது. நாய் ஓடிப்போய்விடவில்லை, கழியின் நீளத்துக்கு அப்பால் நிற்கிறது, அவ்வளவுதான். கை சோர்ந்தால் மறுபடியும் பாயும்."

பெண் சற்று யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்து, "புரிந்துவிட்டது, ஐயா! அப்பா மளிகைக் கடைக்காரரிடம் 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்கிறாரே, அது ஸ்டேவ் ஆஃப்தானே?" என்றாள்.

அவள் சூதுவாது இல்லாமல்தான் கேட்டாள். ஆனால் நம்முடைய வியாகரணம் அத்துடன் நின்றுவிட்டது.

ஆவணியில் நம் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை நெய்து கொடுத்தவர் அவளுடைய தகப்பனார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பிணைக்கும் கோர்வைப் புடவை. கரை நாடாவைத் தள்ளித்தர அவர் மனைவியும் கூடவே தறியில் உட்கார்ந்தாள். நாம் பாதிப் பணம் கொடுத்தோம். மீதிக்கு, "கல்யாணச் செலவு அடங்கட்டும்" என்றோம். பிறகு, "பென்ஷன் வரட்டும்" என்றோம். அப்புறம், "தீபாவளி கழியட்டும்" என்றோம். "அவசரமில்லை, ஸார்" என்று ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே போனார். கைத்தறியை ஆதரியுங்கள் என்று ஊரெல்லாம் பேசுகிற நாம், அந்தச் சிரிப்பை அப்படியே நம்பினோம்!

ஒரே தாமதத்துக்கு இரண்டு முனைகள் இருக்கின்றன. நம் முனையில் அது புட் ஆஃப். அவருடைய முனையில் ஸ்டேவ் ஆஃப். நாம் இங்கே நாளைத் தள்ளத் தள்ள, அவர் அங்கே நாயைத் தள்ளிக்கொண்டிருந்தார். தமிழில் ஒத்திப் போடுவது என்கிறோம். ஒத்தி என்றால் அடமானம் என்றும் பொருள் உண்டு. நாம் அடமானம் வைத்தது அவர் வீட்டு அரிசிப் பானையை.

காத்திருப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. அனந்தசரஸ் திருக்குளத்து நீருக்குள் சயனித்திருக்கும் அத்தி வரதர் 1979-ல் வெளியே எழுந்தருளினார். மறுபடியும் 2019-ல் எழுந்தருளினார். நாற்பது வருஷத் தவணை, தவறவில்லை. நாமோ ஒரு மாதத் தவணையை மூன்று முறை தவறினோம்.

அன்றிரவு மழை தூறிக்கொண்டிருந்தது. நாளைக்குப் போகலாமே என்று மனம் சொல்லிற்று. குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

பணத்தை வாங்கிக்கொண்ட நெசவாளர், "இந்த மழையில் ஏன் ஸார் சிரமப்பட்டீர்கள்? காலையில் வந்திருக்கலாமே!" என்றார்.

அந்தக் 'காலை'க்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பது, உள்ளே விளக்கடியில் படித்துக்கொண்டிருந்த அவர் மகளுக்குத் தெரியும்.