தையல் ஆறினால் போதுமா?

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை தொழிற்பேட்டைகள் பக்கம் யாருக்கு ஆபரேஷன் நடந்தாலும், "எப்ப டியூட்டிக்குப் போகலாம்?" என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி. வாடகையும் பள்ளிக் கட்டணமும் கேட்க வைக்கும் கேள்வி அது. ஆனால் கழுத்து ரத்தக்குழாயில் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு அந்தக் கேள்வி மட்டும் போதாது; ஞாபகமும் கவனமும் எப்படி இருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும்.

மூளைக்குப் போகும் ரத்தத்தில் பெரும்பகுதி கழுத்தின் இருபுறமும் உள்ள கரோட்டிட் தமனிகள் வழியாகத்தான் போகிறது. புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றால் அங்கே கொழுப்பு படிகிறது. அதில் ஒரு துணுக்கு உடைந்து மேலே ஏறினால் பக்கவாதம். கை மரத்து, வாய் குழறி, ஐந்து நிமிடத்தில் சரியானாலும் நைட் ஷிஃப்டுக்குப் பஸ் ஏறாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இப்படி அறிகுறி கண்டவருக்கு அடைப்பு 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அந்த அடைப்பை நீக்கும் அறுவை நல்ல பலன் தரும் என்று 1991-இல் ஒரு வட அமெரிக்க ஆய்வு காட்டியது. அறிகுறி கண்ட இரண்டு வாரத்துக்குள் செய்வது நல்லது. பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

பக்கவாதத்தைத் தடுக்கத்தான் அந்த அறுவை. ஞாபகத்தைக் கூட்ட அல்ல. பலருக்குச் சிந்தனையில் மாற்றம் தெரியாது. சிலருக்குத் தெளிவு கூடும். சிலருக்கோ கொஞ்ச நாள் பெயர் மறக்கும், கணக்கு தடுமாறும். அறுவையில் ரத்தக்குழாயைக் கவ்வி நிறுத்தும்போது ரத்தம் குறைவதும், நுண்ணிய துணுக்குகள் மூளைக்குப் போவதும் காரணமாகலாம். பெரும்பாலும் தேறிவிடும்.

தேறினாரா என்று சொல்ல, முன்பு எப்படி இருந்தார் என்பது தெரிய வேண்டும். அதனால் அட்மிஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு நினைவாற்றல் சோதனை செய்து, மதிப்பெண்ணை எழுதி வாங்குங்கள். பத்து நிமிட வேலைதான். அறுவை முடிந்து சில மாதம் கழித்து மறுபடி செய்யுங்கள். இதை யாராவது தாமாகச் செய்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

பிரஸ் மெஷினில் நிற்பவருக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கும் ஒரு நொடி கவனம் பிசகினால் விரல் போகும், பக்கத்தில் நிற்பவன் உயிரும் போகும். சம்பளம் போய்விடுமே என்று தடுமாற்றத்தை மறைக்காதே தம்பி. இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவருக்கு, தகுதி இருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு உட்கார்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. அறுவைக்குப் பிறகு திடீரென்று கடும் தலைவலியோ வலிப்போ வந்தால் 108-ஐ அழையுங்கள். மற்றபடி, "இதுகூட ஞாபகமில்லையா?" என்று பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். மாத்திரைகளை அவரே எடுத்து வைக்கட்டும். ஒருவர் சரிபார்த்தால் போதும்.